கொசுறு

என் கடைக்கு முன்னால் கம்பி வலை.
வலையில் ஒரு கை நுழையும் அளவுக்குச் சதுரம்.
அதன் வழியே ரொட்டி போகும், சில்லறை வரும்,
மண்ணெண்ணெய்க்கு வெறும் பாட்டில்கள் வரும்.
எம்டான்ட்சானேயில் யாருக்கும் என் பெயர் தெரியாது.
'நண்பா' என்பார்கள்.
மொகதிஷுவில் விட்டுவந்த பெயரைத்
தேடி எடுக்க எனக்கும் நேரமில்லை.

ஒன்று சொல்வேன்: அளவில் நான் பொய் சொன்னதில்லை.
தகரக் குவளை நிறைந்து
விளிம்பில் தளும்பி நின்ற பிறகே புனலில் சாய்ப்பேன்.
பிள்ளைகள் வாங்க வந்தால்
மேலே கொஞ்சம். கொசுறு.

செவ்வாய் சாயங்காலம் ஸிம்கிதா வந்தாள்.
ஒன்பது வயது. ஒரு காலுறை கணுக்காலில் சுருண்டிருந்தது.
நீட்டிய சோடா பாட்டிலில் எலுமிச்சம்பழம்,
பக்கத்தில் இரண்டு இலை,
பழத்தின் மேல் வரைந்த பனித்துளி.
பார்க்கவில்லை என்று போலீசிடம் சொல்லலாம்.
உங்களிடம் சொல்ல மாட்டேன்.
பார்த்தேன், ஊற்றினேன், கொசுறும் விட்டேன்,
மூடியைத் திருகி
"சிந்தாமல் கொண்டு போ" என்றேன்.

அம்மா வந்து அடுப்பைப் பற்றவைக்கும்வரை
பாட்டில் தரையில் இருந்திருக்கிறது.
லுபபாலோவுக்கு இன்னும் இரண்டு முடியவில்லை.
எழுத்து தெரியாது.
பழம் தெரியும்.

"நண்பா, உங்கள் எண்ணெயைத் தம்பி குடித்துவிட்டான்."
உங்கள் என்றாள்.

போய்ப் பார்த்தால் ஆளுக்கொரு வைத்தியம்.
பால் கொடு என்றது ஒரு குரல்.
தொண்டையில் விரலை விடு என்றது இன்னொன்று.
விட்டும் விட்டார்கள்.
(உள்ளே போனது வயிற்றுக்குள்தான் போனது,
நீங்கள் வெளியே இழுத்தது நுரையீரலில் ஏறிவிட்டது என்று
நர்ஸ் நொமவேத்து பிறகு பல்லைக் கடித்தாள்.)

என் பிக்கப்பில் ஏற்றினேன்.
நொலுவூயோவின் மடியில் அவன் இருமினான், இருமினான்,
அப்புறம் இருமல் குறைந்தது.
அது நல்லதா என்று கேட்க
அவள் மொழி எனக்குப் போதவில்லை.
"வாயில் வாசனை வருகிறதா, பார்" என்றாள்.
குனிந்தேன். வந்தது.
என் சட்டையில் வந்தது, ஸ்டியரிங்கில் வந்தது,
பதினோரு வருடமாய் என் நகக்கண்களில் இருப்பதும் வந்தது.
எது அவன் மூச்சு, எது என் கை
என்று பிரிக்கத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில்
எலி மருந்தை மிட்டாய் என்று மென்ற ஒருத்தி,
தயிர்க் கிண்ணத்தில் இருந்த ப்ளீச்சைக் குடித்த ஒருவன்.
பெற்றவர்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

எக்ஸ்ரேயில் வலது நெஞ்சில் ஒரு வெள்ளைத் திட்டு.
"எவ்வளவு குடித்தான்?" என்றார் டாக்டர்.
"ஒரு மடக்கு."
ஒரு மடக்கு.
என் கொசுறும் அவ்வளவுதான்.

மூன்று நாள் கடை திறக்கவில்லை.
கல் வரும் என்று
மாவு மூட்டைகளை உள்ளறைக்கு நகர்த்தினேன்.
போன வருடம் இதைவிடச் சின்னக் காரணத்துக்கு வந்தது.
இந்த முறை மழை வந்தது,
ஒரு நாய் வந்து கதவோரம் படுத்தது.

நான்காம் நாள் திறந்தேன். நொலுவூயோ வந்தாள்.
குழாயை எடுத்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை அனுப்புவார்கள் என்றாள்,
பஸ் நேரம் சொல்வது போல.
பிறகு சதுரத்தின் வழியே பாட்டிலை நீட்டினாள்.
அதே பாட்டில்.
நகத்தால் சுரண்டியிருந்தாள்.
பழம் போயிருந்தது, பனித்துளி போயிருந்தது,
ஓர் இலை மட்டும் பசையோடு.

குழந்தை திறக்க முடியாத மூடி போட்ட கேன்
டவுனில் கிடைக்கிறதாம்.
விலைக்கு ஆறு ரொட்டி வரும்.
அதை நான் சொல்லவில்லை.
அவளுக்கும் தெரியும்.
வேறு அடுப்பு இல்லை அவளிடம்,
மணி ஐந்தரை, ஸிம்கிதாவுக்குப் பசிக்கும்.

"அரை லிட்டர்" என்றாள்.
"மேலே வேண்டாம்."

ஊற்றினேன்.
மட்டம் ஏறி ஏறி
அந்த இலைக்குப் பின்னால் வந்து நின்றது.